நடவு வரிசையில் ஒரு பிரெஞ்சுச் சொல்

எங்கள் மாதா கோயிலில் பெண்கள் பாடுவதில்லை. உத்தமபாளையத்துப் பக்கத்து வயல்களில் நாள் முழுக்கப் பாடிக்கொண்டே நாற்று நடுவோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். புதிதாக வந்த பிரெஞ்சுச் சாமியாருக்கு இது பிடிக்கவில்லை. மாதா திருநாளுக்கு மதுரையிலிருந்து வரும் பெரிய சாமியார் முன்னால் நாங்கள் ஒரு பிரெஞ்சுப் பாட்டுப் பாட வேண்டும், அவர் சரியென்றால் இனி எப்போதும் பாடலாம் என்றார்.

கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சிரித்தார். "இந்தக் கழுதைகளா? சேத்துல பாடுறதும் இங்கன பாடுறதும் ஒண்ணா சாமி?"

அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நடவில் முன்பாட்டு நான்தான். மூன்றாம் வகுப்புவரை படித்தவளும் நான்தான். என்னைவிட இளையவரான அந்தச் சாமியார் எனக்கு வரி வரியாகப் பாடிக் காட்டுவார். அவர் முன்னால் பாட எனக்குக் கூச்சம். காதால் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். தினமும் இரண்டு சொல்லுக்கு அர்த்தமும் கேட்பேன். குரலுக்கு 'வுவா' என்றார். அவருடைய நோட்டில் நாலு எழுத்து இருந்தது, கடைசி எழுத்து வாயில் வரவேயில்லை. 'ஷான்த்தே' என்றால் பாடுங்கள்; பாதியை மூக்கால் சொல்ல வேண்டும். அதிலும் கடைசி எழுத்து ஊமை.

"எழுதுனதை எதுக்குச் சாமி முழுங்குறீக?"

"எங்கள் ஊர் வழக்கம்" என்றார், புத்தகத் தமிழில். வேடிக்கையான ஊர்தான்.

எழுதியதை வயலில் நான் பாட, இருபது பெண்களும் திருப்பிப் பாடினார்கள். நடவில் முன்பாட்டுக்காரி இருமினால் வரிசையே இருமும். ஒவ்வொரு வரி முடிவிலும் வந்த 'ரெஸ்பிரே'யை மட்டும் எல்லோரும் ஓங்கிப் பாடுவார்கள்.

திருநாளுக்கு முந்தின மாலை அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன்.

"மூச்சை இழுங்கள்" என்றவர் திகைத்தார். "ஆனால் அது பாட்டில் இல்லையே! பாடும்போது எங்கே மூச்சு எடுப்பது என்று உங்களுக்காகச் சொன்னது."

வாயில் ஊறிப்போன சொல்லை ஒரே ராத்திரியில் எப்படிப் பிடுங்குவது? வயலுக்கு ஓடினேன். கைகால் கழுவிக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னேன்: "நாளைக்கு அந்தச் சொல்லு வர்ற எடத்துல வாயத் தொறந்து சொல்லாதீக. அது மூச்சை இழுக்கச் சொல்லுது; அது சொல்றதைச் செய்ங்க."

"மறந்துட்டா?"

"உபதேசியார் சொன்னதுதான் நெசம்னு ஆயிரும்."

மறுநாள் முதல் வரி முடிந்தது. நான் மூச்சை இழுத்தேன். எனக்குப் பின்னால் இருபது பேரும் இழுத்தது கோயில் முழுக்கக் கேட்டது. யாரோ ஒருத்தி 'ரெஸ்' என்று தொடங்கி மிச்சத்தை விழுங்கிவிட்டாள்; எழுத்தை விழுங்குவதில் பிரெஞ்சுக்காரியே அவளிடம் தோற்றிருப்பாள்.

பூசை முடிந்ததும் பெரிய சாமியார் உபதேசியாரைக் கூப்பிட்டார். "எல்லோரும் ஒன்றாக மூச்சு எடுத்தார்களே, எத்தனை காலம் பழக்கினீர்கள்?"

உபதேசியார் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் பழக்கல சாமி. வயல்ல ஒண்ணாக் குனிஞ்சு ஒண்ணா நிமிர்றவக. அடுத்த ஞாயித்துக்கிழமையும் இவகளே பாடட்டும்."