வெலிச்கோவின் பதினேழாம் எண்

டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள ரூசே நகரில், அட்டையில் பதித்த மின்னணுச் சான்றிதழ் வழங்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் எண் கொடுப்பது நெவ்யானாவின் வேலை. சான்றிதழில் யாராவது புது வகைத் தகவல் ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால், நிறுவனத்துக்கு உலகப் பதிவில் கிடைத்த நீண்ட எண்ணின் வாலில் புள்ளி வைத்து, அடுத்த எண்ணைச் சேர்த்துப் பதிவு செய்வாள். ஒருமுறை கொடுத்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. அதில் அவள் உடும்புப்பிடி.

பதினேழாம் எண் அவள் கணவன் வெலிச்கோ கேட்டு வாங்கியது. டான்யூபில் கப்பல் ஓட்டுகிறவர் எதுவரை ஓட்டலாம் என்பதைச் சான்றிதழே சொல்ல வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்குள் மாரடைப்பு அவனைக் கொண்டுபோய்விட்டது. திட்டத்தையும் மேலிடத்துப் புண்ணியவான்கள் மூட்டை கட்டிவிட்டார்கள்.

போன வாரம் மேலாளர் அஸ்பாருக் வந்து நின்றான். கிடங்குச் சோதனையாளர்களின் சான்றிதழுக்கான கையேட்டில், அவளைக் கேட்காமலே பதினேழு என்று அச்சடித்து வைத்திருந்தார்கள்.

“அக்கா, அது சும்மாதானே கெடக்கு? குடுத்துடுங்க.”

“குடுத்தது குடுத்ததுதான். வெளிய ஒரு அட்டையில அந்த எண் இருந்தாலும், கம்ப்யூட்டர் ஆத்தைக் கிடங்குன்னு படிச்சுத் தொலைக்கும்.”

“எங்க இருக்கு? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, வாயை மூடிக்கிறேன்.”

இருந்தது, அவள் கைப்பையில். வெலிச்கோ சோதனைக்காகத் தன் பெயரிலேயே எடுத்த அட்டை. ஊர் வழக்கப்படி வீட்டு வாசற்கதவில் ஒட்டிய, அவன் படம் போட்ட இரங்கல் தாள் வெளுத்து, புதிதாக இன்னொன்று ஒட்டியாயிற்று. அட்டையைக் கணினியில் செருகினால் மட்டும் திரை ‘நடப்பில் உள்ளது’ என்றது. இறந்தவர்களின் சான்றிதழை ரத்து செய்வதும் அவள் வேலைதான். ஊராருக்கெல்லாம் அன்றைக்கே செய்கிறவள், இதை மட்டும் ஒளித்து வைத்திருந்தாள். காலையில் யாரும் வருமுன் செருகிப் பார்த்துக்கொள்வாள்.

காட்டினால் அவன் எண் பிழைக்கும். ஆனால் அட்டையை ரத்து செய்தாக வேண்டும்.

செருகினாள். வெலிச்கோவின் பெயர், பதினேழு, ‘ரூசே முதல் கடல் வரை’.

அஸ்பாருக்கின் முகம் சுண்டியது. “கையேட்டை மறுபடி அச்சடிக்கச் சொல்றேன், அக்கா. இதை நான் பாக்கலைன்னு வெச்சுக்கலாம்.”

“பாத்தாச்சேப்பா.”

ரத்துக்குக் காரணம் கேட்டது திரை. ரகசியச் சாவி களவு போனது, வேறு நிறுவனத்துக்கு மாறினார், புதியது வழங்கப்பட்டது, செயல்பாடு நின்றது. இறந்துவிட்டார் என்று அதில் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் யோசிக்காமல் அழுத்துகிற கடைசி வரியை, அன்றைக்கு அழுதுகொண்டே அழுத்தினாள்.