மாமன் வந்தால்தான் மைக் நிற்கும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், என் மனைவி கோமதி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே மதுரை வெயில். உள்ளே மின்விசிறி நிறுத்தப்பட்டிருந்தது. அவள் கையில் செல்போன்.

பயப்பட வேண்டாம். அதற்குப் பெயர் ஸ்டுடியோ.

கோமதி கதை சொல்பவள். புனேயில் இருக்கும் பேத்திக்குத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் போனில் ஒரு கதை. எல்லாம் சொந்தச் சரக்கு. ஆனையூரில் பஸ் ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை டிக்கெட் எடுக்காமல் போகும் ஒரு காகம்தான் நாயகன். அந்தக் காகத்துக்காகவே பேத்தி பருப்புச் சாதம் சாப்பிடுகிறாள்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் சும்மா இருந்தாளா? ஒரு கதையைப் பதிவு செய்து, குழந்தைகளுக்கு ஒலிக்கதை தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டாள். அங்கிருந்து பதில் வந்தது. ‘குரல் பிடித்திருக்கிறது. காகத்தின் புதிய கதை ஒன்றைச் சத்தமில்லாத இடத்தில் பதிவு செய்து, ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் அனுப்புங்கள். கேட்டுவிட்டு முடிவு செய்கிறோம்.’

சத்தமில்லாத இடம்... அதுவும் நம் ஊரில்.

அறுபது வயதுவரை கோமதியிடம் வெளியார் யாரும் ‘உங்கள் வேலையை அனுப்புங்கள்’ என்று கேட்டதில்லை. அவளிடம் கேட்கப்பட்டதெல்லாம் ‘சார் இருக்காரா?’ என்ற ஒரே கேள்விதான். ஆகவே அந்தப் பதிலை அவள் எத்தனை முறை படித்தாள் என்று நான் சொல்லப் போவதில்லை.

வாரம் முழுக்கப் பதிவு நடந்தது. ஒரு தடவை பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. இன்னொரு தடவை பழைய பேப்பர்காரர் வந்தார். வியாழக்கிழமை எடுத்தது அற்புதமாக வந்தது — காகம் கண்டக்டரின் விசிலைப் பிடுங்கும் இடத்தில் நான் தும்மும்வரை. அன்று சாயங்காலம்வரை எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மிச்சம் இருந்தது ஞாயிறு. அன்றைக்குத்தான் மூன்றாவது வீட்டு முருகேசன் மகளுக்குக் காதுகுத்து.

விடிந்ததிலிருந்து மைக் செட் பாடிக்கொண்டிருந்தது. கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியின் வாய், மிகச் சரியாக எங்கள் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து. ஜன்னலை மூடினோம். கம்பளி போர்த்தினோம். பாட்டு கம்பளிக்குள்ளும் வந்தது.

“கோமதி, கூடுதல் அவகாசம் கேட்டு எழுதிடலாமா? நான் டிராஃப்ட் போட்டுத் தாரேன்.”

“கேட்டா அம்புட்டுத்தான். ‘பாவம், வயசானவங்க’ன்னு ஓரமா வச்சிருவாங்க.” கம்பளிக்குள்ளிருந்து வியர்த்த முகம் வெளியே வந்தது. “நீங்க போயி அந்தச் செட்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க. எல்லா ரூலும் தெரியும், தெரியும்னு இம்புட்டு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கீகள்ல?”

வருவாய்த் துறையில் சிரஸ்தாராக ஓய்வுபெற்ற ஒருவனுக்கு இதைவிட நல்ல அழைப்பு வருமா? சட்டையை மாட்டினேன். நடக்கும்போதே விதிகளை வரிசைப்படுத்திக்கொண்டேன். கூம்பு ஒலிபெருக்கி கட்டுவதே தவறு. பெட்டி ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். வாங்கினாலும் சத்தத்துக்கு அளவு உண்டு. மூன்று கண்டிஷனிலும் முருகேசன் மாட்டுவார்.

அப்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

பந்தலில் ஏதோ சரியில்லை. விசேஷ வீட்டில் இருக்க வேண்டிய சிரிப்பைக் காணோம். நாற்காலிகளில் எல்லோரும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். இலைக்கட்டு பிரிக்கப்படவில்லை. காது குத்த வந்த ஆசாரி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார்,” என்றார் முருகேசன். கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் மனிதர். இரும்பையே சீவுகிற ஆள். முகம் வெளிறிப்போய் நின்றார்.

“முருகேசன், இந்த ஒலிபெருக்கி விஷயமா...”

“நிறுத்திருவோம் சார். மாமன் வந்துரட்டும். காது குத்துன மறு நிமிசம் நிறுத்திருவோம்.”

“மாமன் எப்ப வருவார்?”

முருகேசன் பந்தல் வாசலில் இருந்த ஃப்ளெக்ஸைக் கைகாட்டினார்.

இந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைக்காமல் எந்தப் பிள்ளைக்கும் காது குத்துவதில்லை. மாமன் வராமல் காதுகுத்து இல்லை. காதுகுத்து நடக்காமல் பந்தி இல்லை. அதுவரை பாட்டும் நிற்காது. அதாவது, பீரோவுக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருக்கும் என் மனைவியின் எதிர்காலம், பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கும் செல்வம் என்ற தாய்மாமனின் கையில் இருந்தது.

ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். மேலே முருகேசனும் குழந்தையும். அடுத்து அண்ணன் தம்பிகள். அதற்குக் கீழே பட்டறை நண்பர்கள், கூலிங்கிளாஸ் போட்டுக் கைகட்டிக்கொண்டு ஒரு வரிசை. அவர்களின் காலடியில், மூலையில், தபால்தலை அளவில் ஒரு முகம் — தாய்மாமன்.

“டிசைன் போட்ட பய எடம் இருந்த எடத்துல போட்டுட்டான் சார். நான் என்னத்தக் கண்டேன்?”

முருகேசனின் மனைவி மீனா, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. “எடம் இல்லையாம் சார். அந்த ஆளுக கூலிங்கிளாஸக் கழட்டியிருந்தாலே எங்கண்ணனுக்கு எடம் கெடச்சிருக்கும்.”

“நல்ல நேரம் மூணரையோட முடியுதும்மா,” என்றார் ஆசாரி, யாரையும் பார்க்காமல்.

சமையல்காரர் வேறு வந்து நின்றார். “அண்ணே, தம்மை ஒடைக்கவா, வேணாமா? இதுக்கு மேல போனா பிரியாணி குழைஞ்சிரும்.” யாரும் பதில் சொல்லாததால் என்னிடம் ஒரு சின்ன இலையை நீட்டினார். “சார், நீங்க சுக்காவுல உப்பு மட்டும் பாருங்க.”

மிளகும் சின்ன வெங்காயமும் கறியோடு சுருண்டு, எண்ணெய் பிரிந்து, எலும்போரத்தில் லேசாகக் கருகி... உப்பு சரியாகத்தான் இருந்தது. உறுதி செய்துகொள்ள இரண்டாவது முறையும் பார்த்தேன். நடைமுறை அப்படி.

மீனா மறுபடியும் போன் போட்டாள். இந்தத் தடவை எடுக்கப்பட்டது. ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அண்ணே, வாண்ணே. பிள்ள காத்துக் கெடக்கு.”

“கூலிங்கிளாஸ் போட்டவன் மடியில உக்கார வச்சுக் குத்துங்க தாயி.”

முருகேசன் குனிந்தார். “மாப்ள, தப்பு நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காம வாங்க.”

“ஊரு பூராம் பாக்குற மாதிரி என்னய மூலையில போட்டீக. இப்பக் காதுக்குள்ள ரகசியமாக் கூப்பிட்டா வந்துருவேனா?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இது கோபமில்லை. இது நடைமுறைப் பிரச்சினை. அரசு விழா அழைப்பிதழில் முக்கியஸ்தர் பெயர் விட்டுப்போனால் என்ன செய்வோம்? மேடையில், எல்லோர் முன்பும், முதல் பெயராக அவரைச் சொல்லுவோம். அவமானம் எங்கே நடந்ததோ அங்கேதான் மரியாதையும் நடக்க வேண்டும்.

“முருகேசன், மைக்குல கூப்பிடணும்.”

“நான் கூப்பிட்டா சண்டையிலதான் போயி நிக்கும் சார். நீங்க கூப்பிடுங்க. நீங்க பொதுவான ஆளு.”

செட்டுக்காரர் பாட்டை நிறுத்தினார். விடிந்ததிலிருந்து முதல் முறையாகத் தெரு அமைதியானது. மைக் என் கைக்கு வந்தது. அந்த அமைதியில் எனக்கு ஒருத்தியின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையில் மைக் இருக்கும்போது யாருக்கு யார் ஞாபகம் வரும்?

“பரவை திரு. செல்வம் அவர்களே, குழந்தையின் அருமைத் தாய்மாமன் அவர்களே, தங்கள் வருகைக்காக இந்தத் தெருவே காத்திருக்கிறது...”

மீனா போனை உயரத் தூக்கிப் பிடித்தாள். போன் சொன்னது: “சத்தம் பத்தலை.”

உரக்கச் சொன்னேன்.

“என் படம் எங்க இருந்திருக்கணும்னு சொல்லச் சொல்லு.”

“தங்கள் படம் உச்சியில், நடுவில், குழந்தைக்கு அடுத்தபடியாக இருந்திருக்க வேண்டும்.”

போனில் மூச்சு மட்டும் கேட்டது. ஆசாரி கடிகாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முருகேசன் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடியும் சொன்னேன். மறுபடியும். என் குரல் கம்மிவிட்டது. கடைசியில், எந்த நடைமுறையிலும் இல்லாத ஒன்று என் வாயிலிருந்து வந்தது:

“வாங்க மாப்ள... பிரியாணி ஆறிப்போச்சு.”

போன் துண்டிக்கப்பட்டது.

மீனா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். முடிந்தது கதை என்று நான் மைக்கைக் கீழே வைத்தபோது, தெருமுனையில் மேளம் கேட்டது. பரவையிலிருந்து இத்தனை வேகமாக எப்படி வர முடியும்? காலையிலிருந்து மனிதர் தெருத் திருப்பத்து டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தாராம். சீர்த் தட்டுகளும் மேளக்காரர்களும் டெம்போவில் தயார். கூப்பிட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

நல்ல நேரம் முடிவதற்குள் மாமன் மடியில் குழந்தை. சுருக்கென்று ஒரு அழுகை. உடனே மேளம், வெடி, மறுபடியும் பாட்டு. நிறுத்துவதாகச் சொன்ன முருகேசனே ஆடிக்கொண்டிருந்தார். நான் பெருமையோடு கடிகாரத்தைப் பார்த்தேன்.

நான்கு மணி ஆகப்போகிறது. கோமதி...

வீட்டுக்கு ஓடினேன். அவள் கட்டிலில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்தது. முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“பாட்டு நின்னதும் ஆரம்பிச்சேன்,” என்றாள். “பரவாயில்ல, மனுசன் சாதிச்சுட்டாருன்னு நெனச்சேன். காகம் பஸ்ல ஏறி உக்காந்துச்சு. ஒரு ஆளு கத்த ஆரம்பிச்சாரு.”

“யாரு?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் போனை அமுக்கினாள். முதலில் அவளுடைய குரல், நிதானமாக. பிறகு தூரத்தில், எதிரொலியோடு, ‘பரவை திரு. செல்வம் அவர்களே...’ நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாரம் முழுக்கப் பட்ட பாடு, என் வாயாலேயே வீணாகிவிட்டது.

ஆனால் கோமதி நிறுத்தியிருக்கவில்லை.

‘கண்டக்டரண்ணே, பஸ்ஸ நிறுத்துங்க,’ என்றது காகம். ‘அங்க ஒரு பெரியவரு மாமனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கிழிஞ்சு நிக்கிறாரு.’

‘டிக்கெட் எடுக்காத ஆளுக்குப் பஸ்ஸ நிறுத்தச் சொல்ற உரிமை கிடையாது,’ என்றார் கண்டக்டர்.

நான் ஒவ்வொரு முறை கூப்பிட்டபோதும் காகம் பதில் சொன்னது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மாமனைத் தேடிக் கிளம்பினார்கள். கதைக்குள் ஃப்ளெக்ஸ் கூட வந்தது. கடைசியில் என் கம்மிய குரல் பிரியாணி ஆறிப்போனதைச் சொன்னதும், ‘அத மொதல்லயே சொல்லக் கூடாதாய்யா?’ என்று காகம் ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது. கதை முடிந்தது.

“அனுப்பவா?” என்றாள்.

வெளியே வெடிச் சத்தம். இன்னொரு முறை பதிவு செய்ய வழியில்லை. குறையுள்ள கோப்பு எதையும் மேலே அனுப்பாத நான், “அனுப்பு” என்றேன்.

வட்டம் சுற்றியது... நின்றது. தெரு முழுக்கக் காதுகுத்து வீடியோவை அனுப்பிக்கொண்டிருந்தால் சிக்னல் எங்கிருந்து வரும்? அவள் போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன், எதற்கென்று தெரியாமல். வட்டம் மறுபடி அசைந்து, டிக் விழுந்தபோது நான்கு அடிக்க ஒரு நிமிடம் இருந்தது.

பிறகு இருவரும் போய்ச் சாப்பிட்டோம். பிரியாணி உண்மையிலேயே ஆறித்தான் போயிருந்தது, கொஞ்சம் குழைந்தும் இருந்தது. கோமதி இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். செல்வம் அவரே வந்து பரிமாறினார். “மைக்குல பேசுனது நீங்கதானா சார்? மூணாவது வாட்டிதான் நல்லாயிருந்துச்சு,” என்றார்.

புதன்கிழமை பதில் வந்தது. கதையை எடுத்துக்கொள்கிறார்களாம். இன்னும் மூன்று காகக் கதைகள் வேண்டுமாம். ஒரே ஒரு திருத்தம்: ‘பின்னணியில் பெரியவராக நடித்தவர் சற்று மிகையாக நடிக்கிறார். வேறு ஆள் கிடைப்பாரா?’

யோசித்துச் சொல்வதாகக் கோமதி எழுதியிருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டில் நான்தான் காபி போடுகிறேன்.