லீவுக்காரர்

வரவேற்பு மேசையில்தான் அவள் அந்த நிறுவனத்தில் சேர்ந்தாள். வெளியாட்கள் வந்தால் சிரித்தபடி அட்டை கொடுக்க வேண்டும், அவர்கள் கிளம்பும்போது சிரித்தபடியே அதைத் திருப்பி வாங்க வேண்டும். இதற்கு என்ன பெரிய மூளை வேண்டிக்கிடக்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் மறுக்கவில்லை. கணவர் அதே வளாகத்தின் பின்பக்கக் கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் இருந்தார். காலையில் இருவரும் ஒரே வண்டியில் வருவார்கள். அவளை முன்வாசலில் இறக்கிவிட்டு அவர் பின்வாசலுக்குப் போவார்.

நிறுவனத்துக்குள் இருக்கிறவர்கள் மட்டும் பார்க்கிற இணையதளம் ஒன்று இருந்தது. விடுப்பு கேட்பது, கூட்டத்துக்கு அறை பிடிப்பது, யாருக்குப் பிறந்தநாள் என்று தெரிந்துகொள்வது எல்லாம் அதில்தான். பார்க்க பஸ் நிலையத்துச் சுவர் மாதிரி இருக்கும். அதன் புதுப் பதிப்பு வந்தபோது, இனி நிரல் எழுதத் தெரியாதவர்களும் அதை மாற்றி அமைக்கலாம் என்றார்கள். பெட்டிகளை மவுஸால் இழுத்து வேண்டிய இடத்தில் விட்டால் போதும். ‘இது நடந்தால் அதைச் செய்’ என்று தேர்ந்தெடுத்து வைத்தால், மிச்சத்தைத் தளமே பார்த்துக்கொள்ளும். கணினிப் பிரிவுக்காரர்களுக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றியது. “நீங்களே பாத்துக்கோங்க மேடம்” என்று அவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அவள் விட்டாளா என்ன? பசித்தவளுக்குச் சோற்றுப்பானை கிடைத்தது போலப் பிடித்துக்கொண்டாள். சில வாரங்களில் அந்தத் தளம் கல்யாணப் பெண் மாதிரி ஆனது. ‘பெட்டியக்கா’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. எந்தப் பெட்டி யார் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் அவள் கையில்தான். வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு கணக்கருக்குப் பிறந்தநாள் வந்தது. அன்றைக்கு அந்தப் பிறந்தநாள் பெட்டி அவர் ஒருவர் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது. யாரும் வாழ்த்தவில்லை. நாள் முழுக்க அவர் வழியைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்ததை நினைத்து நினைத்து வீட்டில் சிரித்தாள். நல்லவள்தான், ஆனால் கொஞ்சம் அதிகாரம் கிடைத்தால் நல்லவர்களுக்கும் இப்படி ஒரு புத்தி வந்துவிடுகிறது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதைப் புதிதாக அமைத்தாலும், வேலை செய்கிறதா என்று பார்க்க யார் பெயரையாவது போட்டுப் பார்க்க வேண்டுமே, அவள் கணவர் பெயரைத்தான் போடுவாள். கைக்குப் பழகின பெயர் அதுதான். விடுப்புப் பக்கத்தை அவள் எத்தனை தடவை பிரித்துக் கட்டினாளோ, அத்தனை தடவையும் அவர் பெயரில் விடுப்பு கேட்டாள், தானே கொடுத்தாள். கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே நிற்கிறவரின் கைபேசியில், ‘உங்கள் விடுப்பு ஏற்கப்பட்டது, நன்றாக ஓய்வெடுங்கள்’ என்று வந்து விழும். காய்ச்சலில்கூட விடுப்பு எடுக்காத மனுஷன். அவருக்கு ‘லீவுக்காரர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “என்ன லீவுக்காரரே, ரெஸ்ட் எடுக்காம மூட்டை தூக்கறீங்க” என்று லாரி ஓட்டுநர்கள் வரைக்கும் கேலி செய்தார்கள். அவருக்கு அதில் பெருமை. வேலை நடுவில் மனைவி தன்னைக் கூப்பிடுகிற மாதிரி இருந்ததாம்.

சோதனைப் பதிவுகளை அவள் அழிக்கவில்லை. அழிக்க வேண்டுமென்றால் கணினிப் பிரிவிடம் போய் நிற்க வேண்டும், அவர்கள் அலட்டிக்கொள்வார்கள். ‘இவற்றை என் பார்வையில் காட்டாதே’ என்று ஒரு சொடுக்கில் மறைத்துவிட்டாள். அவள் கண்ணுக்குப் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பதிவுகள் எங்கே போகும்? உள்ளேதான் கிடந்தன.

பிறகு ஒரு நாள் மேலாளர் கூப்பிட்டார். பணியிலிருந்து விடுவிக்க ஒரு பொத்தான் வேண்டும் என்றார். அழுத்தினால் அந்த ஆளுக்குச் செய்தி போக வேண்டும், வாசல் அட்டை செயலிழக்க வேண்டும், முகப்புப் பக்கத்தில் ‘விடைபெறுகிறார்’ என்று படம் வர வேண்டும், காவலாளிக்குத் தகவல் போக வேண்டும்.

“செய்தியை அன்பா எழுதும்மா. உனக்குத்தான் அது வரும்” என்றார்.

யாருக்காக இது என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. படத்துக்குக் கீழே எல்லாரும் கைதட்ட ஒரு பொத்தான் வைத்தால் அழகாக இருக்குமே என்றுதான் யோசித்தாள். அமைத்து முடித்ததும் வழக்கம்போலக் கணவர் பெயரில் அழுத்திப் பார்த்தாள். எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. அலுவலகமே சிரித்துச் சிரித்துக் கைதட்டியது. உடனே பழையபடி மாற்றிவிட்டாள். அன்று சாயங்காலம் அவர் வண்டி ஓட்டியபடி அந்தச் செய்தியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அழுத்தியதும் ‘உறுதியா?’ என்று பொத்தான் ஒரு தடவை கேட்கும். அந்தக் கேள்வியை எடுக்கச் சொன்னார் மேலாளர். கேட்டால் கை தயங்குமாம். திரும்பப் பெறும் வழியையும் எடுக்கச் சொன்னார். எடுத்தாள். அழுத்தும் உரிமையை அவர் தன்னிடம் மட்டும் வைத்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் ஒரு காலை. அவள் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தபோது, பக்கத்து மேசைப் பெண் திரையைக் காட்டிச் சிரித்தாள்.

“மறுபடியும் உங்க வீட்டுக்காரராக்கா? பாவம், எத்தனை தடவைதான் அவரை வேலையை விட்டு அனுப்புவீங்க.”

முகப்புப் பக்கத்தில் கணவர் படம். ‘விடைபெறுகிறார்.’ கைதட்டல் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் விளையாட்டு. அவள் அன்றைக்கு எதையும் தொடவே இல்லை. எழுந்து நேரே மேலாளர் அறைக்குப் போனாள்.

“சார், அது எங்க வீட்டுக்காரர்.”

“தெரியும்மா. கஷ்டமாத்தான் இருக்கு. கிடங்குல ஒருத்தரைக் குறைக்கணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. நானா ஒருத்தரைக் கை காட்டக் கூடாதுன்னு நீ போட்ட லீவு கணக்குப் படத்தைத் திறந்தேன். நீயே பாரு.”

திரையை அவள் பக்கம் திருப்பினார். யார் எவ்வளவு விடுப்பு எடுத்தார்கள் என்று காட்டும் பட்டைகள், அவளே ஆசையாக அமைத்தவை. மற்றவர்களுடையவை எல்லாம் குட்டை குட்டையாக இருந்தன. ஒன்று மட்டும் உச்சி வரைக்கும் போயிருந்தது. அதிகம் என்றால் சிவப்பாகட்டும் என்று வைத்தவளும் அவள்தான்.

“அதெல்லாம் நான் போட்டுப் பாத்தது சார். அவர் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்ல. கிடங்குல யாரை வேணா கேளுங்க.”

மேலாளர் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அது முன்பே தெரிந்திருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது.

“அப்போ இவ்வளவு காலமா ஒருத்தர் பதிவுல பொய்யா எழுதிட்டு வந்தது நீயா?”

அவள் அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்தாள்.

“யோசிச்சுச் சொல்லும்மா. மேலிடத்துக்குக் காரணம் எழுதி அனுப்பியாச்சு. மாத்தணும்னா எப்படித் தப்பாச்சுன்னு எழுதணும். எழுதினா நீயும் போவ. அவர் திரும்ப வருவார்னும் நான் சொல்ல மாட்டேன். வீட்ல ஒருத்தராவது வேலையில இருக்க வேணாமா?”

“அந்தப் பட்டனைத் திருப்ப முடியாதா சார்?”

“திருப்புற வழி நீ வைக்கலையேம்மா” என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

எழுதுங்க சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. என் பேரும் போகட்டும் என்று சொல்ல வேண்டியவள், அந்தத் தளத்தை நினைத்தாள், பெட்டியக்கா என்று கூப்பிடுகிறவர்களை நினைத்தாள். “சரி சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பாவி.

மேசையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பின்வாசல் காவலாளி.

“மேடம், சார் இங்க நிக்கறாரு. கார்டு எடுக்கல. நீங்க டெஸ்ட் பண்றீங்கன்னு சொல்றாரு. கொஞ்சம் வர்றீங்களா?”

கம்பிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவர் நனைந்துகொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. கைபேசியைக் காவலாளியிடம் காட்டி, “பாருங்க, ‘உங்கள் தோள்கள் இந்த நிறுவனத்தைத் தாங்கின’. இப்படி உருகி எழுத இவளை விட்டா யாரு இருக்கா” என்றவர், அவளைப் பார்த்ததும், “என்ன, மறுபடியும் தூக்கிட்டியா? போன தடவை உடனே திறந்துச்சு. இன்னிக்கு என்ன இவ்வளவு நேரம்? லாரி வந்து நிக்குது” என்றார்.

“சோதனைதாங்க” என்றாள் அவள். “கொஞ்சம் சிக்கலாயிடுச்சு. இன்னிக்கு ஆகாது. வீட்டுக்குப் போங்க.”

“அப்போ இன்னிக்கு லீவா?”

“லீவுதான்.”

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “கேட்டீங்களா, இவ்வளவு காலம் பேருக்குத்தான் லீவுக்காரன். இன்னிக்குத்தான் நெசமாவே” என்றார் காவலாளியிடம். சாப்பாட்டு டப்பாவைக் கம்பி வழியாக நீட்டி, “இதையும் நீயே சாப்பிடு. நான் வீட்ல பாத்துக்கறேன். நாளைக்குக் கதவு திறக்கும்ல?” என்று கேட்டார்.

“திறக்கும்.”

காவலாளி தன் திரையைப் பார்த்துவிட்டு மெல்லக் கனைத்தான். அவனுக்குப் போன தகவலையும் எழுதியவள் அவள்தான்.

“மேடம், கார்டை வாங்கி வைக்கணும்னு வருது. வாங்கவா?”

“நானே வாங்கிக்கறேன்” என்று அவள் கம்பி வழியாகக் கையை நீட்டினாள். பழக்கதோஷம், முகத்தில் அந்த வரவேற்பு மேசைச் சிரிப்பு தானாக வந்துவிட்டது. அவர் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி, படத்தின் மேலிருந்த மழைத்தண்ணியைச் சட்டையில் துடைத்துவிட்டு அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“பத்திரமா வெச்சுக்கோ. நாளைக்கு வேணும்.”