கண்ணைக் கட்டிக்கொண்டு வந்த எக்ஸாமினர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. அமெரிக்காவில், சுகர் லேண்ட் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பார்க்கிங் லாட். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதரின் கண்ணை என் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டி நடக்கவிட்டேன். அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, அபார நம்பிக்கையோடு, நேராகக் குப்பைத் தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

சுற்றி நின்ற பிள்ளைகள் கத்தினார்கள். நானும் கத்தினேன். டீச்சர் என்ற கௌரவம் அந்த நேரத்தில் எங்கே போனதோ!

பயப்படாதீர்கள். கடத்தல் கேஸ் இல்லை... பரீட்சை.

வாரநாட்களில் நான் ஓர் எனர்ஜி கம்பெனியில் எக்ஸெல் ஷீட்டோடு குடித்தனம் நடத்துகிறவள். ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் நிலைக்குப் பாடம் எடுக்கிறேன். மொத்தம் பதினொரு பிள்ளைகள். அதில் யாழினி என்று ஒரு பத்து வயதுப் பெண். வாயைத் திறந்தால் தமிழும் இங்கிலீஷும் கலந்து கொட்டும். பேப்பரைக் கொடுத்தால்? நாற்பது நிமிடத்தில் இரண்டு வரி. அதிலும் பாதி எழுத்து இடம் மாறி நிற்கும்.

அரையாண்டுப் பரீட்சையில் அவளுக்கு ஐம்பதுக்குப் பதினொன்று. நான் சிவப்பு மையில் 'கவனம் தேவை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவள் அம்மா சுமதி வந்தார். ஈரோட்டுக்காரர். சத்தமாகக்கூடப் பேசாதவர்.

"மிஸ், இவளை நிறுத்திடலாம்னு இருக்கேனுங்க."

"ஏங்க?"

"இன்னொரு தடவை ஃபெயில் ஆனா ரெண்டாம் நிலைக்கு அனுப்பிடுவாங்களாமே? ஆறு வயசுக் குழந்தைங்களோட உட்கார மாட்டேங்கறா. அழுவறாளுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "இவளுக்கு டிஸ்லெக்ஸியா இருக்குங்க. எழுத்தைப் பார்த்தாலே குழம்பிடும். வாரநாள் ஸ்கூல்ல கேள்வியைப் படிச்சுக் காட்டுவாங்க, எக்ஸ்ட்ரா டைம் தருவாங்க. இங்கே சொல்றதுக்குக் கூச்சமா இருந்துச்சுங்க."

பக்கத்தில் நின்ற யாழினி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஐ நோ தி ஆன்சர், மிஸ். மை ஹேண்ட் டஸின்ட்."

பதில் எனக்குத் தெரியும், என் கைக்குத்தான் தெரியவில்லை! நான் போட்ட அந்த இரண்டு கோடுகளையும் அழித்துவிட ஒரு ரப்பர் கிடைக்காதா என்றிருந்தது.

"ஒரே ஒரு பரீட்சை மட்டும் பொறுங்க" என்று சுமதியிடம் கேட்டுக்கொண்டேன். அவர் தலையாட்டினார். நம்பித் தலையாட்டினாரா, மரியாதைக்கா... தெரியவில்லை.

அடுத்த பாடம் 'வழி கேட்டலும் வழி சொல்லுதலும்'. பிள்ளைக்குத் தமிழில் வழி சொல்லத் தெரிகிறதா என்பதைத்தானே நான் சோதிக்க வேண்டும்? அதைப் பென்சிலால் சொன்னால் என்ன, வாயால் சொன்னால் என்ன? நான்கு வருடமாகக் கேள்வித்தாள் தயாரிக்கிறேன். இந்தச் சின்னக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே!

தோன்றியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை டைனிங் டேபிள் முழுக்க சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும். எழுத வருகிறவர்களுக்கு எழுத்துத் தேர்வு. பேச வருகிறவர்களுக்குப் பேச்சுத் தேர்வு. என் வகுப்பில் கவின் என்று இன்னொருவன் இருக்கிறான். முத்து முத்தாக எழுதுவான், ஆனால் நாலு பேர் முன்னால் வாயே திறக்க மாட்டான். எழுந்து பதில் சொல்லாததற்கு இத்தனை நாளும் அவனை நான் திட்டிக்கொண்டிருந்தேன். பாட்டாகப் பாடுகிறவர்களுக்கு என்றுகூட ஒரு தேர்வு யோசித்தேன். வகுப்பில் ஒத்திகை பார்த்ததில் யாருக்கும் வழி தெரியவில்லை, எல்லோருக்கும் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதைத் தூக்கிப் போட்டேன்.

என் கணவர் டேபிளை எட்டிப் பார்த்தார். "நீ கிளாஸ் எடுக்கப் போறியா, கல்யாண மண்டபம் டெக்கரேட் பண்ணப் போறியா? நாங்க சாப்பிடறது எங்கே?"

"சோஃபாவில!"

இனி ரஃபீக் சார். எங்கள் பள்ளியின் தேர்வுப் பொறுப்பாளர். ராமநாதபுரத்துக்காரர், ஐடி கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். நல்ல மனிதர். ஆனால் விதி என்றால் விதி. ஃபோனில் விஷயத்தைச் சொன்னேன்.

"அது எப்படிம்மா? எல்லாருக்கும் ஒரே பேப்பர், ஒரே டைம். அதானே நியாயம்? ஒரு புள்ளைக்கு ஈஸியாக் கொடுத்தா மத்த பேரன்ட்ஸ் கேட்பாங்கள்ல?"

"ஈஸி இல்ல சார். நீங்களே வந்து பாருங்க."

"சரி. நானே நடக்கிறேன், அவ வழி சொல்லட்டும். ஆனா கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் நடப்பேன். கண்ணு தெரிஞ்சா நானா யூகிச்சுப் போயிடுவேன். அவ தமிழை மட்டும் வச்சு நான் போய்ச் சேரணும். சேரலேன்னா ஃபெயில். சம்மதமா?"

சம்மதித்தேன்.

இப்படித்தான் பார்க்கிங் லாட் ஊராக மாறியது. மடக்கு நாற்காலிகளால் தெருக்கள். ஒரு நாற்காலியில் 'தபால் நிலையம்', ஒன்றில் 'பேருந்து நிறுத்தம்', கோடியில் 'மருந்துக் கடை'. எழுத்துத் தேர்வுக்காரர்கள் முதலில் முடித்தார்கள். 'வழியில் நாய் நின்றால் ஓடாதீர்கள், அதுவும் பின்னாலேயே ஓடும்' என்று கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் எழுதியிருந்தான் கவின்!

பிறகு யாழினி. ரஃபீக் சாரின் கண்ணில் துப்பட்டாவைக் கட்டினேன். மருந்துக் கடைக்குப் போக வேண்டும்.

"நேரா போங்க அங்கிள். இன்னும்... இன்னும்... நில்லுங்க! இப்ப இடது பக்கம் திரும்புங்க."

அவர் ராணுவ வீரர் மாதிரி விறைப்பாகத் திரும்பினார். வலது பக்கம்.

"அங்கிள், இடது! இடது!"

இன்னும் கொஞ்சம் வலது. குப்பைத் தொட்டி மூன்றடியில். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பாதி சிரிப்பு, பாதி திகில். போய்ச் சேராவிட்டால் ஃபெயில் அல்லவா?

யாழினி சிரிக்கவில்லை. "நில்லுங்க" என்றாள். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். தான் சொன்னது சரிதானா என்று அவளுக்கே சந்தேகம். பிறகு அவரைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை. மெதுவாகச் சொன்னாள்.

"அங்கிள்... ஒரு கையில வாட்ச் கட்டியிருக்கீங்கல்ல? அந்தக் கை பக்கம் திரும்புங்க."

திரும்பினார். கச்சிதமாக!

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. "வாட்ச் கை பக்கம் மூணு ஸ்டெப். இப்ப சும்மா இருக்கிற கை பக்கம். கொஞ்சம் குனிங்க, மரக்கிளை இருக்கு. அவ்வளவுதான், உட்காருங்க!" ரஃபீக் சார் மருந்துக் கடைமேல் உட்கார்ந்தேவிட்டார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பள்ளி வாட்ச்மேன் வெளியே வந்து பார்த்தார்.

துப்பட்டாவை அவிழ்த்த ரஃபீக் சாரின் முகத்தில் அசட்டுச் சிரிப்பு.

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இடது வலது குழம்பும்மா. யார்கிட்டேயும் சொல்றதில்ல. இங்க வந்து டிரைவிங் டெஸ்ட்ல ரெண்டு தடவை ஃபெயில். லெஃப்ட்னா ரைட்ல போயிடுவேன். மூணாவது தடவை வந்த ஆபீசர் நல்லவரு. கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாரு, பாஸ் பண்ணிட்டே..."

வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்திவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது போல.

"மீ டூ அங்கிள்!" யாழினி குதித்தாள். "எனக்கு இந்தக் கையில மச்சம் இருக்கு. அதான் லெஃப்ட். இல்லேன்னா நானும் காலி!"

யோசித்துப் பாருங்கள். வகுப்பெடுக்கும் எனக்குத் தோன்றவில்லை, எக்ஸாமினருக்குத் தோன்றவில்லை. ஒருவருக்குப் புரியாவிட்டால் அவரைத் திட்டாமல் சொல்லும் விதத்தை மாற்ற வேண்டும் என்பது தினமும் புரியாமல் தவிக்கிறவளுக்குத்தான் தோன்றியிருக்கிறது.

ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு போட்டார் ரஃபீக் சார். இரண்டு ஏன் குறைந்தது என்று கேட்டேன்.

"'அடி'ன்னு சொல்லாம 'ஸ்டெப்'னு சொல்லிட்டா. விதி விதிதாம்மா."

யாழினி காருக்கு ஓடினாள். சுமதி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாரா, அழுதாரா... தூரத்திலிருந்து பார்த்த எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை எல்லா ஆசிரியர்களுக்கும் ரஃபீக் சாரின் ஈமெயில் வந்தது. இனி எந்தப் பிள்ளைக்கு எப்படித் தேர்வு வேண்டும் என்று வகுப்பாசிரியரே முடிவு செய்யலாமாம். எனக்கு இப்போது பதினொரு பிள்ளைகள், பதினொரு திட்டம். டைனிங் டேபிள் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று தோன்றவில்லை.

நேற்று சுமதியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "மிஸ், இவ ஜிபிஎஸ்ஸை ஆஃப் பண்ணிட்டு ஃப்ரீவேல தமிழ்ல வழி சொல்றாளுங்க. திரும்ப வேண்டிய ரெண்டு எக்ஸிட்டை விட்டுட்டோமுங்க. இப்ப எங்கே இருக்கோம்னே தெரியலைங்க!"

'தமிழில் தப்பு இல்லையே?' என்று பதில் அனுப்பினேன்.