இரும்பின் கரடு

பெரிய மேட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்ட பிறகுதான் பானுமதி பக்கத்திலிருக்கும் சிறிய மேட்டைப் பார்ப்பார். மடிக்கணினித் திரை முழுக்க விரல் அழுக்கு. மலைமேலுள்ள வாசலூர்பட்டி வீட்டு ஜன்னல் வழியே படகு விடும் இடத்தின் கூச்சல் வந்துகொண்டிருக்கும். அவர் காதில் விழாது.

ஊர்க் காடுகழனிகளின் மண்தான் அவருடைய ஆராய்ச்சி. மண்ணின் மேல் எக்ஸ்ரே பட்டால் அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில கதிர்களைத் திருப்பி அனுப்பும். அவை திரையில் மேடு மேடாக எழும். எந்த மேடு எந்தத் தனிமம் என்று பிரித்துச் சொல்வது மென்பொருளின் வேலை. ஒரு தனிமத்தின் உயரமான மேட்டைப் பானுமதி மலை என்பார். அதே தனிமத்துக்கு அதை ஒட்டி எழும் சின்னதைக் கரடு என்பார். ஒருமுறை கருத்தரங்கில், "இது இரும்போட கரடுங்க" என்று சொல்லிவிட, அரங்கம் சிரித்தது. அதற்குப் பிறகும் வார்த்தையை மாற்றவில்லை.

அடிவாரக் கல்லூரி ஆய்வகத்தில் உரிமம் பெற்ற மென்பொருள் இருக்கிறது. பென்டிரைவ் மாதிரி ஒரு சாவியைச் செருகினால்தான் திறக்கும். சாவி ஆய்வகத்தைத் தாண்டாது. திரையைத் தொடக் கூடாது என்று சீட்டு வேறு ஒட்டியிருப்பதால் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வார இறுதியில் மலையேறிவிடுகிறவருக்கு அந்தச் சாவியால் பயனில்லை. ஆராய்ச்சியாளர்கள் சிலர் எழுதி இலவசமாக விட்டிருக்கும் ஒன்றைத் தரவிறக்கி, அதோடு மல்லுக்கட்டிப் பழகினார். அதில் மண்ணில் எதையெதைத் தேட வேண்டும் என்று நாமே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இரும்பைச் சேர்க்க மறந்துபோய், செம்மண்ணில் இரும்பே இல்லை என்று முடிவு வந்தது. அப்பா சின்னராசு அதை இன்னும் விடவில்லை. "ஏங்கண்ணு, இன்னிக்காச்சும் நம்ம காட்டுல மண்ணு இருக்குதா?"

ஆய்வகத்து மென்பொருளா, இலவசமா, எது நல்லது என்று கேட்டால் பானுமதி இப்படித்தான் சொல்வார்: "அது கேக்கறதுக்கு முந்தியே சொல்லிப்போடுமுங்க. இது கேட்டாத்தான் வாயத் தொறக்கும்."

இந்த முறை ஆய்வகத்து மென்பொருள் கேட்காமலே சொன்னது கோபால்ட். அதுவும் அவர்களுடைய சாமைக்காட்டு மண்ணில். வழிகாட்டிப் பேராசிரியர் சசிகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு அதையே தலைப்பாக்கினார். கோபால்ட் இல்லையென்றால் அந்த அத்தியாயம் இல்லை; பட்டமும் தள்ளிப்போகும். பானுமதி அதே தரவை வீட்டுக்குக் கொண்டுவந்து இலவச மென்பொருளில் போட்டார். கோபால்ட்டின் மலை எழ வேண்டிய இடத்தை ஒட்டி இரும்பின் கரடு நின்றது. இவ்வளவு இரும்புக்கு இவ்வளவு கரடு என்று கணக்கிட்டுக் கழித்ததும் அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை.

சசிகுமார் ஏற்கவில்லை. "ஏம்மா, செம்மண்ணுல இரும்பையே தொலைச்ச சாப்ட்வேர்தானே அது? லைசென்ஸோட வாங்குனது பொய் சொல்லுமா? ஓசில வந்ததுல பாத்தேன்னு எழுதுனா எவன் நம்புவான்?"

"தொலைச்சது நானுங்க சார்."

ஆய்வகத்தில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சரிபார்ப்பதற்காக எக்ஸ்ரே கருவியோடு வந்த தூய இரும்பு வில்லை ஒன்று டப்பாவில் இருந்தது. பானுமதி கருவியிலிருந்து மண்ணை எடுத்துவிட்டு அதை வைத்தார். சாவியைச் செருகிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க சார்."

உரிமம் பெற்ற மென்பொருள் உடனே பதில் சொன்னது. இரும்பு. அடுத்த வரியில் கோபால்ட்.

சசிகுமார் டப்பாவை எடுத்து மேலே ஒட்டியிருந்ததைப் படித்தார். "வெறும் இரும்புன்னுதானே போட்டிருக்கான்."

"ஆமாங்க."

"அப்ப கடைசி அத்தியாயம்?"

"போச்சுங்க சார்."

அவர் டப்பாவை மூடவில்லை. கட்டியிருந்த கையைப் பிரித்த பானுமதி, திரையில் பெரிய மேட்டின் மேல் கட்டைவிரலை வைத்து, பக்கத்திலிருந்த கரட்டைக் காட்டினார்.