அலை உடையாத இடம்

கோவில்பட்டியில் டூரிஸ்ட் வேன் ஓட்டி ஓய்ந்தவன் நான். இப்போது வண்டி எடுக்கிற பையன்கள் என்னிடம் டயர், டீசல், பர்மிட் என்று எல்லாம் கேட்கிறார்கள். கடலைப் பற்றி ஒருவனும் கேட்பதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

இடைசெவல் பக்கம் ஒரு குடும்பம், பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காதுகுத்த ஒரு கடலோரக் கோயிலுக்கு என் வண்டியை எடுத்தது. பிள்ளையின் அப்பா மாரிமுத்து முன்சீட்டில் உட்கார்ந்து வழிநெடுகப் பேச்சு. ஊர்க் கிணற்றில் முங்கி, அடிமண்ணைக் கைநிறைய அள்ளிக்கொண்டு மேலே வருவாராம்.

பின்னால் இருந்த அவர் மனைவி செல்வி சிரித்தாள். "அண்ணாச்சி, இவிய மேல வார வரைக்கும் எனக்கு உசுரே இருக்காது. பாத்தா பல்லக் காட்டிக்கிட்டு வந்து நிப்பாவ."

காதுகுத்து முடிந்தது. எல்லோரும் குளிக்கிற துறையில் கால் வைக்க இடமில்லை. சற்றுத் தள்ளி உடைமரங்களுக்கு நடுவே ஒரு மணல்பாதை கடலுக்குப் போனது.

"இங்கன நிப்பாட்டுங்க அண்ணாச்சி" என்றார் மாரிமுத்து.

இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக இருந்தது.

"பாத்தியளா, நம்ம கம்மா மாதிரில்லா கெடக்கு!"

கண்மாயில் நீச்சல் பழகிய எனக்கும் அதுவே நல்ல இடமாகப் பட்டது. கரையேறிய தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பி ஓடும் என்று கரிசல்காட்டில் யாருக்குத் தெரியும்?

கடலில் இறங்கிய மாரிமுத்துவை நீர் இழுத்துக்கொண்டு போனது. அவர் கரையைப் பார்த்து நேராக நீந்தினார். நீந்த நீந்தக் கரை தள்ளித்தான் போனது. கிணற்றில் எந்தப் பக்கம் போனாலும் சுவர் கைக்கு எட்டும். கடலில் எது எட்டும்? நான் போட்ட கூச்சலில், வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் படகைத் தள்ளினார்கள். அதற்குள் தலை மறைந்துவிட்டது.

செல்வி அழவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் காயாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைத் தேற்றினாள். "பயப்படாதிய அண்ணாச்சி. மண்ணெடுக்கப் போயிருக்காவ. வந்துருவாவ."

படகில் உடல்தான் வந்தது. செல்வி என்னைத் தேற்றிய அந்தக் குரலை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

"இழுத்தா எதுத்து நீந்தப்படாது. பக்கவாட்டுல போயி, அலை உடையுத எடத்துல கரையேறணும்" என்றார் மீனவர் ஒருவர்.

அன்றிலிருந்து காவலுக்கு ஆள் நிற்கிற துறையில்தான் வண்டியை நிறுத்தினேன். இறங்குமுன் மீனவர் சொன்னதையும் சொல்வேன்.

"எங்களுக்குக் கெணத்துல நல்லா நீச்சல் தெரியும்" என்று யாராவது சிரிப்பார்கள்.

"மாரிமுத்துக்கும் தெரியும்" என்பேன்.

"யாரு மாரிமுத்து?" என்பார்கள்.

முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் வேன் கதவைத் திறப்பேன்.