வியாழக்கிழமைக் குழம்பு

ஐந்தாம் மாதம் பாதி கடந்தபின்தான் எனக்குப் பசித்தது. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில்.

அதுவரை உலகம் எனக்கு மணமாகவே இருந்தது. சோறு கொதிக்கும் மணம், சவர்க்கார மணம், கணவரின் தலையெண்ணெய் மணம். எது வந்தாலும் நான் வாழைமரத்தடிக்கு ஓடுவேன். எங்கள் ஊர் நீர்வேலியில் வாழைமரத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு மணத்துக்கும் ஒரு மரம் வைத்திருந்தேன். மாமி என் பின்னால் செம்பில் தண்ணீரோடு வருவா. "பிள்ளை, நீ தின்னாட்டி உள்ளை இருக்கிறது என்னத்தைத் தின்னும்?" இது எங்கள் வீட்டுத் திருப்பள்ளியெழுச்சி.

முதல்நாள் வியாழன் பின்னேரம் கணவர் சைக்கிள் ஹாண்டிலில் ஒரு விளைமீனைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். சண்டைக்காலம், கடலுக்குப் போகத் தடை. அந்த மீனைப் பார்க்க ஒழுங்கையில் சனம் நின்றது. மாமி பழப்புளி கரைத்து, தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தா. எனக்காகத்தான் வைத்தா. நான் மணம் தாங்காமல் கடைசி வாழைமரம் வரை போனேன். மாமியும் கணவரும் என்னைப் பார்க்காமல், சத்தம் போடாமல், குற்றவாளிகள்போலச் சாப்பிட்டார்கள்.

வெள்ளி விடிய எழும்பினேன். இரவோடு இரவாக யாரோ என் உடம்பைக் கழுவி வெயிலில் காயவைத்தமாதிரி இருந்தது. வயிறு கதவைத் திறந்துவிட்டு வாசலில் வந்து நின்றது. அது கேட்டது ஒன்றே ஒன்று.

"மாமி, ராத்திரிக் குழம்பு கிடக்கோ?"

மாமி கிணற்றடியில் தலைக்குத் தோய்ந்து, ஈரத்தலையோடு, மூன்று குறி திருநீற்றோடு நின்றா. முகம் முதலில் மலர்ந்தது. பிறகு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

எங்கள் வீடுகளில் வெள்ளி சைவம். அடுப்படி கழுவியாயிற்று, மீன் காய்ச்சும் மச்சச்சட்டி மிச்சக் குழம்போடு வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்துக்கு நாடு கடத்தப்பட்டாயிற்று. அன்று அந்த அடுப்பில் மீனைச் சூடாக்கினால் மாமியின் பரம்பரையே எழும்பி வந்து கேள்வி கேட்கும். மின்சாரம் போய் எத்தனையோ காலம். மண்டபத்தில் நின்ற பிறிட்ஜுக்குள் கணவரின் சோதினைத் தாள்களும் மாமியின் கூறைச்சேலையும் எலிக்குப் பயந்து குடியிருந்தன. ஒரு குழம்பின் ஆயுள் அடுப்பில்தான் இருந்தது. காலையும் மாலையும் கொதித்தால் உயிரோடு இருக்கும். ஒரு நேரம் தவறினால் போய்விடும்.

"நாளைக்குத் தாறன் பிள்ளை. ஒரு நாள் பொறு."

முகத்துக்குச் சவர்க்கார நுரை பூசிக்கொண்டிருந்த கணவர் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவர்.

"அம்மா, அது பால் விட்ட குழம்பு. பின்னேரத்துக்கை நூல் விடும். கிருமி ஒண்டு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். பிள்ளைத்தாச்சிக்குக் குடுக்கிற சாமானே அது?"

"உன்ரை கிருமி உன்ரை பள்ளிக்கூடத்திலை இருக்கட்டும். உன்னை நான் பழங்குழம்பு குடுத்துத்தான் வளத்தனான்."

"அதுதான் நான் இப்பிடி இருக்கிறன்."

"ஓம், நாக்கு மட்டும் நல்லா வளந்திருக்கு."

வழி வேலிக்கு அப்பால் இருந்தது. பக்கத்து வளவில் தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த வேதக்கார, கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று இருந்தது. கிடுகு வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு. அதனூடாக மாமி அந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டா.

"பிள்ளை, உங்களுக்கும் வெள்ளிக்கிழமை மச்சம் கூடாதெல்லே?"

"இறைச்சிதான் அம்மா கூடாது. மீனுக்குத் தடையில்லை."

"நல்ல சமயம்," என்றா மாமி. அவ வேறு சமயத்தைப் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கணவர் கையை நீட்டி, சட்டியைத் தன்னிலிருந்து எவ்வளவு தூரம் பிடிக்கலாமோ அவ்வளவு தூரம் பிடித்துக்கொண்டு, அவர்கள் அடுப்பில் கொதிக்கவைக்கப் பொட்டால் கொடுத்தார். மாமி இந்தப்பக்கம் நின்று கட்டளையிட்டா.

"கிண்டாதை, மீன் உடைஞ்சுபோம். ஈரக் கரண்டி வைக்காதை. சூட்டோடை மூடாதை, மூடியிலை வேர்த்து உள்ளை விழுந்தால் பழுதாப்போம்."

"ருசி பாக்கலாமோ அம்மா?"

"பழுதோ எண்டு பாக்க மட்டும்."

அன்று பகல் முழுக்க நான் வேலியோரம் பூனைபோல் இருந்தேன். மத்தியானம் காற்று திரும்பி அந்தக் கொதிமணத்தை எங்கள் முற்றத்தில் கொட்டியது. நேற்று என்னைத் துரத்திய அதே மணம் இன்று கையைப் பிடித்து இழுத்தது. வேலிக்கு மேலால் செய்தி வந்துகொண்டிருந்தது.

"அக்கா, நல்லாத்தான் கிடக்கு!" உள்ளங்கையை நக்கியபடி அவள். பின்னேரம் இன்னொரு அறிக்கை: "காலமையை விட இப்ப நல்லம் அக்கா! இவரும் பாத்தவர், ஒரு பழுதும் இல்லையாம்."

"அவையள் பழுதோ எண்டு பாத்துப் பாத்தே முடிக்கப்போகினம்," என்று மாமி முணுமுணுத்தா.

சனி விடிந்தது. நான் கோப்பையோடு பொட்டடிக்குப் போனேன். கிணற்றடியிலிருந்து மாமி வந்தா. மறுபடி ஈரத்தலை, மறுபடி திருநீறு, கையில் எள்ளெண்ணெய்ச் சிட்டி. என்னையும் கோப்பையையும் பார்த்து நின்றுவிட்டா.

"ஐயோ பிள்ளை. இண்டைக்குப் புரட்டாதிச் சனி."

புரட்டாதியில் சனிக்கிழமைகள் சனீஸ்வரருக்கு. வீடே விரதம். குழம்பை நினைத்து நினைத்தே நாங்கள் மூன்று பேரும் கிரகத்தை மறந்துவிட்டோம்.

"அப்ப நாளைக்கு," என்றேன்.

கணவர் கலண்டரைப் பார்த்தார். "நாளைக்கு அமாவாசை. அப்பாவின்ரை விரதம்."

"திங்கள்?"

"திங்கட்கிழமை அது குழம்பில்லை. நஞ்சு."

நான் அழத் தொடங்கினேன். கண்ணைத் துடைக்கும் அழுகை இல்லை. செத்தவீட்டு அழுகை. ஒரு மீனுக்காக நான் ஒப்பாரி வைத்தேன். வேலிக்கு அப்பால் கோழிகள் ஓடின.

மாமி எண்ணெய்ச் சிட்டியை வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினா. கொஞ்சம் யோசித்தா.

"உள்ளை இருக்கிறதுக்கு இன்னும் சாதகம் எழுதேல்லை. சாதகம் இல்லாத ஆளைச் சனீஸ்வரர் என்னெண்டு கண்டுபிடிப்பார்? நீ தின்னேல்லை. அதுதான் தின்னுது. நீ வாயை மட்டும் குடு."

"அப்ப இவவின்ரை சாதகம்?" என்றார் கணவர்.

"நீ பேசாமல் இரு. பிள்ளை, நீ அங்காலை போய் இருந்து தின். இந்த வளவுக்குள்ளை வேண்டாம்."

பழுதாகிவிட்டதா என்பதுதான் மிச்சக் கேள்வி. விரதக்காரர் இருவரும் வாயில் வைக்க முடியாது. மாமி பொட்டுக்கு இந்தப்பக்கம் நின்று விசாரணை நடத்தினா.

"கரண்டியைத் தூக்கிக் காட்டு. நூல் விடுதோ?"

"இல்லை அம்மா."

"நுரை?"

"இல்லை. நேற்று முழுக்க நாங்கள் சாப்பிட்... ருசி பாத்தனாங்கள். ஒண்டும் செய்யேல்லை."

கணவர் பொட்டுக்குள் தலையை விட்டு, கண்ணை மூடி, நெடுநேரம் மூச்சை இழுத்தார்.

"மூக்கை எடு," என்றா மாமி. "இது சோதினை இல்லை. சாப்பாடு."

நான் சாப்பிட்டேன். வற்றிக் கறுத்துத் தடித்த குழம்பு. புளியெல்லாம் மீனுக்குள் குடியேறியிருந்தது. அவர்களுடைய பழஞ்சோறு, அவர்களுடைய பீங்கான், அவர்களுடைய நிழல். மாதக்கணக்கில் என்னோடு கோபித்துக்கொண்டு போன நாக்கு வீடு திரும்பி, சொல்லாமல் கொள்ளாமல் சப்பாணி கட்டி உட்கார்ந்தது. இரண்டாம் தரமும் போட்டேன். முள்ளைக்கூட விட மனமில்லை.

அதற்குப் பிறகு தொடங்கியது காவல். கோயிலுக்குப் போய் எண்ணெய் எரித்துவிட்டு மாமி பாதி ஓட்டத்தில் வந்தா. நான் பாயில் படுத்திருந்தேன். கணவர் என் முகத்தைச் சோதனைக்குழாயைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயித்தைப் பிரட்டுதோ?"

"இல்லை."

"தலை சுத்துதோ?"

"நீங்கள் கேக்கக் கேக்கத்தான் சுத்துது."

அப்போது அடிவயிற்றில் ஏதோ ஒன்று புரண்டது. ஆழமில்லாத தண்ணீரில் மீன் திரும்புவதுபோல. "ஐயோ," என்றேன். அது போதும். கணவர் சைக்கிளில் பறந்தார். மாமி சனீஸ்வரரோடு நேரடியாகவே பேசத் தொடங்கினா. சாதகம் பற்றித் தான் சொன்னதை அவர் பெரிதாக எடுக்கக்கூடாதாம்.

அவர் ஏற்றி வந்த மருத்துவிச்சி சைக்கிள் கரியரிலிருந்து இறங்கினா. கை தேர்ந்தவ. வாயும் தேர்ந்தது. அவவுக்குத் தெரிந்தது பின்னேரத்துக்குள் ஊர்க் கிணறெல்லாம் தெரிந்துவிடும்.

"என்ன சாப்பிட்டனீர்?"

நான் மாமியைப் பார்த்தேன். கணவர் கூரையைப் பார்த்தார். இந்த ஒழுங்கையில் விரதத்துக்குப் பேர்போனவ மாமி. யார் எந்த நாளில் என்ன தின்றார்கள் என்று கேட்டுத் திருத்துபவ.

"சொன்னால்தானே மருந்து குடுக்கலாம்."

"மீன்குழம்பு," என்றா மாமி.

"எப்பத்தையான்?"

"வியாழக்கிழமையான்."

"இண்டைக்குச் சனியெல்லே அம்மா?"

"ஓம், சனி. புரட்டாதிச் சனி. நான்தான் தின்னச் சொன்னனான். ஊருக்குப் பிறகு சொல்லும். முதல் பிள்ளையைப் பாரும்."

மருத்துவிச்சி என் வயிற்றில் கைவைத்துக் காத்திருந்தா. மறுபடி அது புரண்டது. அவ சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவுத் தலைகள் எல்லாம் பொட்டுக்குள் வந்தன.

"குழம்பு ஒண்டும் செய்யேல்லை அம்மா. பிள்ளை துள்ளுது. சாப்பாடு கண்ட சந்தோசம், புளுகம்."

கணவர் திண்டாடிப்போய் ஒரு கதிரையைத் தேடி, கிடைக்காமல், நிலத்தில் இருந்தார். மாமி கையை நீட்டினா. என் வயிற்றுக்கு ஒரு விரற்கடை மேலே அந்தக் கை நின்றது. எண்ணெய் எரித்துவிட்டு வந்த கை. நான் மச்சம் தின்ற உடம்பு. பிறகு அது இறங்கியது.

"இனித் திரும்பத் தோயவேணும்," என்றா. சொன்னாவே தவிர, கையை எடுக்கவில்லை.